தாத்தா பம்பாய்க்கு வந்த வருஷமும் பேத்தியின் கல்லூரி விண்ணப்பமும்

தாராவி 90 அடி ரோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், வீட்டை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். இவர் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர்களுக்குக் கொடுக்கிறார். ஒரே மகள் மகாராஷ்டிரா போர்டில் 12-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு. 10-ஆம் வகுப்பில் 89 சதவீதம் எடுத்தவள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். பட்டியல் சாதிக் குடும்பம். கணவரிடம் திருநெல்வேலி மாவட்டத்தில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ் இருக்கிறது. மாமனார் 1948 வாக்கில் தாராவியில் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். கடைசிக் காலத்தில் அவரும் ஊருக்கே திரும்பிவிட்டார். கணவர் ஊரில் பிறந்து, 10-ஆம் வகுப்பு வரை அங்கேயே படித்து, 1995-இல் மும்பைக்கு வந்தார். மகள் பிறந்தது சயான் மருத்துவமனையில்.

இப்போது ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், 35,000 ரூபாய் கொடுத்தால் மகாராஷ்டிரா எஸ்.சி. சான்றிதழ் "எடுத்துத் தருகிறேன்" என்கிறார். ஊரிலிருக்கும் நாத்தனார், தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் போடச் சொல்கிறார். வெளிநாட்டுப் படிப்பு ஏஜெண்ட் ஒருவர், ஜெர்மனியில் படிப்பு இலவசம், மொத்தம் 14 லட்சம்தான் ஆகும் என்று சொல்லி, 50,000 ரூபாய் முன்பணமும் மகளின் அசல் 10-ஆம் வகுப்பு மார்க் ஷீட்டும் பிறப்புச் சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறார். மீதிப் பணத்தைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். அதற்காகக் கணவர் ஊர் நிலத்தில் தன் பங்கை விற்க நினைக்கிறார். டியூஷன் கிளாஸிலோ, போர்டு பரீட்சையில் பாஸானால் போதும், மகாராஷ்டிராவின் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யைப் பார் என்கிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "என் பொண்ணு இங்கேயே பொறந்து இங்கேயே வளந்தவ. இவளுக்கு இந்த ஊர்ல சர்டிபிகேட் ஏன் தர மாட்டேங்கிறாங்க? ஊருக்குப் போனா பம்பாய்க்காரிங்கிறாங்க. நாங்க எந்த ஊர்க்காரங்கம்மா?"

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

உங்கள் மகள் மும்பைக்காரிதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பட்டியல் சாதி என்ற சட்ட அந்தஸ்து, பிறந்த ஊரைப் பார்த்து வருவதில்லை. அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவின்படி, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதி என்பது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுகிறது. அந்த முதல் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. அன்றைக்கு உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்தின் பட்டியல்தான் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

இதே மும்பையில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆந்திராவில் பழங்குடியினர் சான்றிதழ் பெற்ற குடும்பம். தந்தைக்கு இங்கே வேலை. மகன் 9 வயதில் மும்பைக்கு வந்து 12-ஆம் வகுப்பு வரை இங்கேயே படித்தான். மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மர்ரி சந்திர சேகர ராவ் வழக்கு என்று அதைச் சொல்வோம். 1990-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரு மாநிலத்தில் கிடைத்த அந்தஸ்தைக் குடிபெயர்ந்த மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தீர்ப்பளித்தது. 1994-இல் மகாராஷ்டிராவைப் பற்றியே வந்த இன்னொரு வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள்.

இந்தத் தீர்ப்பு எனக்கு வலியைத் தருகிறது. ஊரில் எந்தத் தெருவில் இருக்க வைத்தார்களோ அந்த அடையாளத்தோடுதான் உங்கள் மாமனார் ரயிலேறினார். தாராவியில் அவருக்குக் கிடைத்த வேலையும் தோல் வேலைதான். ரயில் மாநில எல்லையைத் தாண்டியதால் அந்தப் பாரம் இறங்கிவிடவில்லை. ஆனால் இன்று இருக்கும் சட்டம் இதுதான். உங்கள் மகளின் விண்ணப்பத்தை இந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் போட வேண்டும்.

மாமனாரின் 1948

"மாமா 1950-க்கு முன்னாடியே வந்துட்டாரே" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. தாராவியில் சில தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே வழியாக அமையலாம். ஆனால் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது ஆவணம். 1950-க்கு முந்திய குடியிருப்பைக் காட்ட அந்தக் காலத்துப் பள்ளிப் பதிவு, மாநகராட்சிப் பிறப்புப் பதிவு, வாடகை ரசீது மாதிரி ஏதாவது வேண்டும். உங்களிடம் இருப்பதாகச் சொன்ன போட்டோ பாஸ் என்ற குடிசை அடையாள அட்டை 1976 குடிசைக் கணக்கெடுப்பைச் சேர்ந்தது. அது வீட்டுக்கு உதவும், இதற்கு உதவாது. இரண்டாவது, பிழைப்புக்காக வந்து தங்கியது வேறு, நிரந்தரமாகக் குடியேறியது வேறு. மனைவி மக்கள் ஊரில், வீடு ஊரில், கடைசிக் காலமும் ஊரில் என்றால் அதிகாரிகள் அதைத் தற்காலிகத் தங்கலாகத்தான் பார்ப்பார்கள். மேலும் உங்கள் கணவரே தமிழ்நாட்டுக்காரர் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறார். மூன்றாவது, சாதியின் பெயர் மகாராஷ்டிராவின் பட்டியலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதி என்பதாலேயே இங்கேயும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் விஷயத்தில் இந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த 35,000 ரூபாய்

இதில் மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சான்றிதழை வாங்காதீர்கள்.

"பக்கத்துச் சாளியில் வாங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மகாராஷ்டிராவில் சாதிச் சான்றிதழோடு காரியம் முடிவதில்லை. தொழிற்கல்விச் சேர்க்கைக்குச் சரிபார்ப்புக் கமிட்டி தரும் வேலிடிட்டி சான்றிதழும் வேண்டும். அவர்கள் தந்தை, தாத்தா வரை ஆவணம் கேட்பார்கள். தேவைப்பட்டால் விசாரணைக்கு ஆள் அனுப்புவார்கள். இதற்கென்றே இயற்றப்பட்ட 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொய்த் தகவல் கொடுத்துச் சான்றிதழ் பெற்றால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, சேர்க்கை ரத்தாகும். படித்து முடித்திருந்தால் பட்டமும் பறிபோகும். இவ்வளவு வருஷம் ஆகிவிட்டதே, இரக்கம் காட்டுங்கள் என்ற வாதத்தையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது.

இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம், உங்கள் மகள் உண்மையிலேயே பட்டியல் சாதிப் பெண் என்பதுதான். உண்மையான உரிமை உள்ள பிள்ளையின் கையில் பொய்யான காகிதத்தைக் கொடுத்து, அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற வேலை இது.

அவளுடைய சான்றிதழ் எங்கே செல்லும்

இரண்டு இடங்களில் செல்லும். ஒன்று தமிழ்நாடு. இன்னொன்று மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள். இரண்டாவதை உங்களுக்கு யாருமே சொல்லவில்லை என்று தெரிகிறது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றில் பட்டியல் சாதிக்கு 15 சதவீத இடம். அங்கே நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பது தடையில்லை; சொந்த மாநிலத்தின் சான்றிதழ் செல்லும். குடிபெயர்ந்தவர்களுக்கு இங்குள்ள அதிகாரியும், தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஒரு சான்றிதழ் தர வழி இருக்கிறது. அந்த அடிப்படையை அதிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, மகாராஷ்டிரா ஒதுக்கீடு கிடைத்துவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது மத்திய இடங்களுக்கு மட்டும்தான்.

இந்த நிறுவனங்களில் எஸ்.சி. மாணவர்களுக்கு டியூஷன் கட்டணம் கிடையாது. உங்கள் குடும்ப வருமானத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினுக்கு அவள் விண்ணப்பிக்கட்டும், எஸ்.சி. என்றே குறிப்பிட்டு. ஜனவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை நடக்கும். திருச்சி என்.ஐ.டி. நம்ம ஊர்தானே, ஹோம் ஸ்டேட்டில் எளிதாகக் கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது தவறு. என்.ஐ.டி. கணக்கில் 12-ஆம் வகுப்பு எந்த மாநிலத்தில் தேறினாளோ அதுவே ஹோம் ஸ்டேட். அவளுக்கு ஹோம் ஸ்டேட் என்.ஐ.டி. நாக்பூர்; திருச்சியில் பிற மாநில மாணவி. சாதி ஒதுக்கீடு மட்டும் இரண்டு இடத்திலும் செல்லும்.

ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியதாகக் கடிதத்தில் எதுவும் இல்லை. மாறியிருந்தால் எஸ்.சி. அந்தஸ்து கிடைக்காது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பாகக் கொள்வார்கள். அப்படியானால் மீண்டும் எழுதுங்கள், பதில் மாறும்.

தமிழ்நாட்டுக் கவுன்சலிங்

நாத்தனார் சொன்னது நல்ல யோசனை. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம், இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் அதைக் காட்ட வேண்டும். உங்கள் கணவர் பிறந்ததும் படித்ததும் அங்கே என்பதால் அடிப்படை வலுவாக இருக்கிறது. அவருடைய பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நிலத்தின் பட்டா ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவருடைய சொந்தத் தாலுகாவில் இ-சேவை மையம் வழியாக மகள் பெயரில் சாதிச் சான்றிதழுக்கும் நேட்டிவிட்டிக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலிலேயே நாள் போய்விடும். விற்க நினைக்கும் அந்த நிலத்தின் பட்டா இங்கே ஒரு சாட்சி என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 12-ஆம் வகுப்பு மதிப்பெண்தான்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். மற்ற போர்டு மதிப்பெண்களைச் சமன்படுத்திச் சேர்த்துக்கொள்வார்கள். எஸ்.சி.க்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

இப்போது டியூஷன் கிளாஸ் சொன்னதை யோசித்துப் பாருங்கள். மகாராஷ்டிராவில் போர்டு மதிப்பெண் தகுதிக்கு மட்டும். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் இருந்தால் போதும், மீதியை சி.இ.டி. தீர்மானிக்கும். மும்பைப் பிள்ளைகள் போர்டை அலட்சியம் செய்வது இதனால்தான். உங்கள் மகள் அப்படி இருக்கக் கூடாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் போர்டு பரீட்சையில் அவள் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கிண்டியிலோ, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியிலோ இடம் வாங்கித் தரும் மதிப்பெண். இந்தக் கடிதத்தில் அவளிடம் படித்துக் காட்ட ஒரே ஒரு பத்தி என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் எஸ்.சி. மாணவர்களுக்கு, 10-ஆம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. மாணவி எந்த மாநிலத்தைச் சேர்ந்தவளோ அந்த மாநிலம்தான் அதைத் தரும். வருமானச் சான்றிதழை மறக்காதீர்கள்.

மும்பையில் பொதுப் பிரிவில்

இடஒதுக்கீடு இல்லையென்றால் மும்பையில் இடமே இல்லை என்று நினைத்துவிட்டீர்கள். அப்படியல்ல. 10-ஆம் வகுப்பும் 12-ஆம் வகுப்பும் மகாராஷ்டிராவில் தேறி, மகாராஷ்டிராவில் பிறந்த மாணவி இங்கே மாநில இடங்களுக்கு முழுத் தகுதி உள்ளவள். எம்.எச்.டி. சி.இ.டி. எழுதி, கேப் ரவுண்ட் என்ற மாநிலக் கவுன்சலிங்கில் பொதுப் பிரிவில் போட்டியிடலாம். மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். போட்டி கடுமைதான். விடுதிச் செலவு இல்லை என்பதையும், அவள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதையும் தராசில் வையுங்கள்.

ஒரே ஒரு கவனம். இங்கே தகுதிக்குப் பிறப்புச் சான்றிதழே போதும் என்னும்போது, மகாராஷ்டிராவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்டும் டொமிசைல் சான்றிதழை வாங்காதீர்கள். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் வேறு மாநிலத்தில் நேட்டிவிட்டி கோரியவர்களை ஏற்க மாட்டார்கள். அதற்கு உறுதிமொழியும் கேட்பார்கள். மும்பையில் பிறந்து படித்தேன் என்பது நடந்த உண்மை, அதை எங்கேயும் சொல்லலாம். இரண்டு மாநிலத்திலும் நான் இந்த மாநிலத்துக்காரி என்று கையெழுத்துப் போடுவதுதான் சிக்கல். ஒவ்வொரு படிவத்திலும் உறுதிமொழிப் பத்தியை மகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெர்மனி

ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

அவர் சொல்லாத பாதியைப் பாருங்கள். இந்திய 12-ஆம் வகுப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இளநிலைப் பட்டத்தில் நேராகச் சேர முடியாது. இங்கே ஓராண்டு பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஓர் ஆயத்த வகுப்பில் படித்துத் தேற வேண்டும். அரசுப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழை டில்லியில் வாங்குவதும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். இவை எதுவும் கேட்காமல் நேரடியாக இடம் என்றால், அது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியாக இருக்கும். கல்லூரியின் பெயரை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பணம். விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுச் செலவைப் போட்டு வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம். அந்தக் கணக்கு மாணவியின் பெயரில் இருக்கும். அவள் அங்கே போன பிறகு மாதாமாதம் அவள் கைக்கே வரும். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். அதை ஏஜெண்டின் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டும். அடுத்தடுத்த வருஷங்களுக்கு விற்க நிலம் இருக்காது.

வெளிநாட்டுக் கனவை விடச் சொல்லவில்லை, சகோதரி. தள்ளி வைக்கச் சொல்கிறேன். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை, பெரும்பாலும் பட்டியல் சாதி மாணவர்களுக்கானது. வருஷத்துக்கு 125 பேர். கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கும். ஆனால் முதுநிலைக்கும் பிஎச்.டி.க்கும்தான், இளநிலைக்கு இல்லை. பட்டத்தில் 60 சதவீதம், 35 வயதுக்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். இங்கே நான்கு வருஷம் நன்றாகப் படித்தால், நிலத்தை விற்காமலேயே அவள் அந்த வரிசையில் நிற்கலாம். அப்போதும் கேட்கப்போவது அவளுடைய உண்மையான சாதிச் சான்றிதழைத்தான்.

இந்த வாரம்

மகளின் அசல் மார்க் ஷீட் ஏஜெண்டிடம் இருப்பதுதான் இப்போதைய அவசரம். இன்னொருவர் அதை வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. உங்கள் கணவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு, ஏழு நாளுக்குள் அசல் ஆவணங்களையும், எந்த வேலைக்கு என்று ரசீது தராத பட்சத்தில் முன்பணத்தையும் திருப்பித் தரக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய செய்திகளையும் பணம் அனுப்பிய ஆதாரத்தையும் அழிக்காதீர்கள். திருப்பித் தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். முன்பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். அவர் மிரட்டினாலும் பயப்பட வேண்டாம். மார்க் ஷீட்டின் டூப்ளிகேட்டை போர்டிலும், பிறப்புச் சான்றிதழின் நகலை மாநகராட்சி வார்டு ஆபீஸிலும் வாங்க முடியும்.

கணவரிடம் நிலப் பேச்சை எடுக்கும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மகளுக்காகத்தான் அவர் விற்க நினைக்கிறார். அவர்மேல் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஊருக்கு டிக்கெட் போடும்போது அவருடைய பழைய பள்ளிச் சான்றிதழின் அசலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள், தாசில்தார் ஆபீஸில் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.